பன்னிரண்டு கை மாறி வந்த வாசனை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். தொழில் ஏலக்காய் வியாபாரம். முப்பத்தெட்டு வருடம் காய் வாங்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறேன். ஐரோப்பாவில் ஒரு பழைய நகரத்தில் கிறிஸ்துமஸ் காலத்தைக் கழித்துவிட்டு வந்திருக்கிறீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். குளிரையும் விளக்கு அலங்காரத்தையும் பற்றி நிறையச் சொல்லலாம்தான். ஆனால் அந்த ஊரை நான் முதலில் மூக்கால்தான் அறிந்துகொண்டேன். அதனால் வாசனையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊரின் பெயர் நியூரம்பர்க். ஜெர்மனியின் தெற்கே பவேரியா மாநிலத்தில், பெக்னிட்ஸ் என்ற சிறிய ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறது. என் மகளும் மருமகனும் அங்கே வேலை பார்க்கிறார்கள். "மே, ஜூன்ல வாங்கப்பா, குளிர் இருக்காது" என்றுதான் மகள் சொன்னாள். பேத்திதான் விடவில்லை. "தாத்தா, கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும்போதுதான் வரணும்" என்று தொலைபேசியிலேயே அடம்பிடித்தாள். சரி என்று நவம்பர் கடைசியில் நானும் என் மனைவியும் புறப்பட்டோம்.

போய்ச் சேர்ந்த சில நாட்களில் ஒரு மாலை எங்களைச் சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். மணி நாலரைதான் இருக்கும், அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. கல் பாவிய ஒரு சந்தில் இறங்கி நடக்கிறோம். கண்ணுக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை. அதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. பட்டை, கிராம்பு, சுடவைத்த திராட்சை ரசம், வறுத்த பாதாம், இவற்றுக்கெல்லாம் அடியில் மெல்லியதாக ஏலக்காய். நான் நின்றுவிட்டேன். "என்னங்க, மூச்சு வாங்குதா?" என்று மனைவி பயந்துபோய்க் கேட்டாள். "காய் வாசனை வருது" என்றேன். அவளும் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். எங்கள் கிட்டங்கியின் கதவைத் திறந்தால் வரும் வாசனையின் ஓர் இழை, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரில்.

அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டுக்கொண்டேதான் அந்த ஒரு மாதமும் ஊரைச் சுற்றினேன்.

முதலில் சந்தையைச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் கிறிஸ்ட்கிண்ட்லெஸ்மார்க்ட், குழந்தை கிறிஸ்துவின் சந்தை. ஊரின் நடுவில் ஹவுப்ட்மார்க்ட் என்ற பெரிய சதுக்கம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதல் ஞாயிறு வருகிறதல்லவா, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை சந்தை தொடங்கும். டிசம்பர் 24 மதியத்தோடு முடிந்துவிடும். ஏறக்குறைய 180 கடைகள். எல்லாம் மரச் சட்டத்தில் எழுப்பிய கடைகள், எல்லாவற்றுக்கும் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணிக்கூரை. நம் ஊர்த் திருவிழாக் கடைகளைப் போலத்தான், கட்டுவதும் பிரிப்பதும். ஆனால் பிளாஸ்டிக் தோரணம் கட்ட அங்கே அனுமதி இல்லை. பச்சை இலையும் கிளையும்தான் கட்டவேண்டும். அதனால் கண் கூசவில்லை. தேவதாரு இலையின் வாசனையும் சேர்ந்துகொள்கிறது.

இந்தச் சந்தைக்கு என்ன வயது? ஊரின் ஜெர்மன் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கிறது. மெல்லிய சீவல் மரத்தால் செய்து பூ வரைந்த பெட்டி. இது குழந்தைச் சந்தையில் வாங்கி ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு அனுப்பியது, 1628 என்று அதன் அடியில் எழுதியிருக்கிறது. ஒரு சந்தையின் வயதைச் சொல்ல ஒரு பெண் தன் தோழிக்குக் கொடுத்த பரிசு சாட்சியாக நிற்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடைகளில் என்ன விற்கிறார்கள்? பொன் நிறத் தகட்டில் மடித்துச் செய்த தேவதைகள், மரப் பொம்மைகள், மெழுகுவர்த்திகள். உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் கம்பியில் கோத்துக் கையும் காலும் செய்து, வால்நட் கொட்டையைத் தலையாக வைத்துச் சட்டை போட்டுவிட்ட பொம்மைகள் அந்த ஊருக்கே உரியவை. டாக்டர், தபால்காரர், கல்யாண ஜோடி என்று ஏதேதோ வேடம். கோடையில் விளைந்ததை உலர்த்திவைத்துக் குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டாக்கியிருக்கிறார்கள்.

சாப்பாட்டில் அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது விரல் நீளமே உள்ள சுட்ட சாசேஜ். மூன்றை ஒரு வட்ட ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். மருமகனுக்கு அது இல்லாமல் சந்தை இல்லை. நாங்கள் இருவரும் சைவம். எங்களுக்குச் சுட்ட செஸ்ட்நட் கொட்டை இருந்தது. சூடாகக் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள், கையையும் அதிலேயே சூடு காட்டிக்கொள்ளலாம். வறுத்து ஆப்பிள் மசியலோடு தரும் உருளைக்கிழங்கு அடையும் உண்டு. திராட்சை ரசம் வேண்டாம் என்றால் பிள்ளைகளுக்காகப் பழச்சாற்றில் அதே மசாலாவைப் போட்டுக் காய்ச்சிய பானம் கிடைக்கும். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பி வரும். கோப்பையை வீட்டுக்கே கொண்டுபோகிறவர்களும் உண்டு.

இனி நான் சொல்ல வந்த பண்டத்துக்கு வருகிறேன். லேப்கூகன். இஞ்சி ரொட்டி என்று சிலர் சொல்வார்கள், அது சரியாகாது. உள்ளங்கை அளவு, வட்டம், அடியில் காகிதம் போன்ற மெல்லிய வெள்ளை அப்பம். மாவு தட்டில் ஒட்டக்கூடாது என்று முன்காலத்தில் மடங்களில் கண்ட வழி அது. லேப்கூகனில் உயர்ந்த ரகத்துக்கு எலிசன் என்று பெயர். அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காவது பாதாமோ ஹேசல்நட்டோ வால்நட்டோ இருக்கவேண்டும், மாவு பத்துப் பங்குக்கு மேல் போகக்கூடாது. நியூரம்பர்க் லேப்கூகன் என்று பெயர் போடவேண்டுமானால் அந்த நகர எல்லைக்குள் செய்திருக்கவேண்டும். நம் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே மாதிரி. முட்டை சேரும் என்பதால் முட்டையும் தொடாதவர்கள் கேட்டு வாங்கவேண்டும்.

அந்த மாவுக்குள் போவது பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய், கொத்தமல்லி, சோம்பு, இஞ்சி. இவற்றில் பாதிக்கு மேல் அந்த மண்ணில் ஒருநாளும் விளையாதவை. அப்புறம் எப்படி இது அந்த ஊர்ப் பண்டமானது? காரணம் இரண்டு. ஒன்று தேன். ஊரைச் சுற்றிப் பெரிய காடு இருந்தது, பேரரசரின் காடு. அதில் தேன் எடுப்பதற்கென்றே உரிமை பெற்ற குடிகள் இருந்தார்கள். சர்க்கரை கண்ணில் படாத காலத்தில் இனிப்புக்கு அந்தத் தேன்தான். இன்னொன்று வியாபாரம். ஐரோப்பாவின் பெரிய வணிகப் பாதைகள் பல கூடும் இடத்தில் நியூரம்பர்க் இருந்தது. வெனிஸ் நகரத்தில் ஜெர்மானிய வணிகர்கள் தங்கிச் சரக்கு வைக்கத் தனி மாளிகை உண்டு, அதில் நியூரம்பர்க்காரர்களுக்குப் பெரிய இடம். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி மிளகும் பட்டையும் அங்கிருந்துதான் வந்தன. பணக்கார வணிகர்களை ஜெர்மன் மொழியில் இன்றும் ‘மிளகு மூட்டை’ என்று சொல்வதுண்டு. 1505இல் லிஸ்பனிலிருந்து கொச்சி, கண்ணூர்ப் பக்கம் புறப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பல்களில் நியூரம்பர்க் வணிகக் குடும்பங்களும் பணம் போட்டிருந்தன. 1643இல் லேப்கூகன் செய்கிறவர்கள் தனிச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள்.

ஒரு கடையில் மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன், இதில் போடும் ஏலக்காய் எங்கே விளைந்தது என்று. கடைக்கார அம்மா உள்ளே போய்ப் பொட்டலத்தைப் பார்த்துவந்து சொன்னார், குவாத்தமாலா. எனக்கு அதில் வியப்பு இல்லை. உலகத்தில் ஏலக்காயை அதிகம் ஏற்றுமதி செய்வது அந்த நாடுதான், தொழிலில் இருப்பவர்களுக்கு இது தினமும் உறுத்தும் விஷயம். ஆனால் அங்கே ஏலச் செடி எப்படிப் போனது தெரியுமா? முதல் உலகப் போர் மூள்வதை ஒட்டிய காலத்தில் ஒரு ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் கொண்டுபோய் நட்டதுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடி, ஜெர்மானியர் கை வழியாக வேறு கண்டத்துக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனிக்கே காயாகத் திரும்பியிருக்கிறது.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மருமகன், "மாமா, நீங்க ஒரு உருண்டையைப் பாக்கணும்" என்று சொல்லி மறுநாள் அதே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்.

மார்ட்டின் பெஹைம் என்பவர் நியூரம்பர்க் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். போர்ச்சுகலில் பல காலம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, 1492ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வழிகாட்டலில் ஒரு பூகோள உருண்டை செய்தார்கள். இன்று உலகில் எஞ்சியிருக்கும் உருண்டைகளில் மிகப் பழையது அதுதான். அரை மீட்டர் விட்டம், நிறம் மங்கிக் கறுத்துப்போயிருக்கிறது. அதில் அமெரிக்கா இல்லை. கொலம்பஸ் போன சேதி அப்போது ஊர் வந்து சேரவில்லை. ஐரோப்பாவுக்கு மேற்கே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் நேராக ஆசியா.

அந்த உருண்டை முழுக்கப் பொடி எழுத்தில் குறிப்புகள். அதில் ஒன்றைத்தான் மருமகன் எனக்குப் படித்துப் பொருள் சொன்னார். கிழக்குத் தீவுகளில் விளையும் வாசனைப் பொருள்கள் எத்தனை கை மாறி நம் நாட்டுக்கு வருகின்றன என்று வரிசை போட்டிருக்கிறது. ஜாவாக்காரர் வாங்குகிறார், சைலான் தீவுக்காரர் வாங்குகிறார், ஏடன் வணிகர் வாங்குகிறார், கெய்ரோவுக்குப் போகிறது, வெனிஸ்காரர் வாங்குகிறார், ஜெர்மானியர் வாங்குகிறார், சில்லறைக் கடைக்கு வருகிறது, கடைசியில் சமையலுக்கு வாங்குகிறவர். நடுவில் இன்னும் சில கைகளையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு கையிலும் சுங்கம். இப்படி வருவதால் நம் ஊரில் இவை தங்கத்துக்குச் சமமாக விலைபோவதில் வியப்பில்லை என்று முடிகிறது அந்தக் குறிப்பு.

நான் ஒரு வியாபாரி. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் என் தொழிலின் கணக்கை உலக உருண்டையின் மேலேயே எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒன்று மனத்தில் பட்டது. அந்தப் பன்னிரண்டில் முதல் கையே வாங்குகிற கைதான். செடியிலிருந்து பறித்த கை, உலர்த்திய கை, பொறுக்கிய கை எதுவும் கணக்கில் இல்லை. எங்கள் கணக்குப் புத்தகத்திலும் அப்படித்தான், பறித்தவர் பெயர் இருக்காது.

சரி, சதுக்கத்துக்குத் திரும்புவோம். சந்தையின் கிழக்குப் பக்கத்தில் மாதா கோயில் இருக்கிறது. அதன் மாடத்தில் பழைய கடிகாரம். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஏழு சிற்றரசர் பொம்மைகள் வெளியே வந்து பேரரசர் நான்காம் கார்ல் பொம்மையை மூன்று முறை சுற்றி வணங்கிப் போகும். 1509 முதல் நடக்கிறது. அதே மாடத்தில்தான் கிறிஸ்ட்கிண்ட், அதாவது குழந்தை கிறிஸ்துவாக வேடமிட்ட பெண், நின்று சந்தையைத் தொடங்கிவைப்பார். பொன் கிரீடம், சுருள் முடி, விரித்தால் சிறகாகும் கைகளோடு பொன்னும் வெள்ளையுமான அங்கி. பதினாறு முதல் பத்தொன்பது வயதுக்குள் உள்ள உள்ளூர்ப் பெண்ணை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். 1969இலிருந்து இந்த வழக்கம். உயரத்தில் நின்றால் தலை சுற்றக்கூடாது என்பதும் ஒரு தகுதி. தொடங்கிவைத்ததோடு வேலை முடியாது. அந்த மாதம் முழுக்க மருத்துவமனை, முதியோர் இல்லம், பள்ளி என்று ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். பேத்தி சந்தையில் ஒரு மதியம் வரிசையில் நின்று அந்தப் பெண்ணிடம் காதோடு ஏதோ கேட்டாள். என்ன கேட்டாய் என்றால் இன்றுவரை சொல்லமாட்டேன் என்கிறாள்.

2019இல் தேர்வான பெண்ணின் தந்தை இந்திய வம்சாவளியினர். அப்போது ஓர் அரசியல் கட்சியின் மியூனிக் வட்டாரக் கிளை அந்தப் பெண்ணின் தோற்றத்தை வைத்து இழிவாக எழுதியது. ஊர் கொதித்துவிட்டது. நாடு முழுவதிலுமிருந்து அந்தப் பெண்ணுக்கு ஆதரவு வந்தது. அவர் மாடத்தில் ஏறித் தொடங்கிவைத்தார். என் மகள் அன்று கூட்டத்தில் நின்றிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. மாநிறமான ஒரு பிள்ளையை அங்கே வளர்க்கிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் புரிந்தது.

அந்த மாதா கோயிலுக்குள் ஒரு நாள் சும்மா குளிருக்கு ஒதுங்கப் போனோம். பீடத்தின் பக்கம் தரையில் தாவீதின் நட்சத்திரம் பதித்திருக்கிறது. கிறிஸ்தவக் கோயிலில் யூதர்களின் அடையாளம் எப்படி என்று கேட்டேன். அங்கிருந்த முதியவர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். இந்தச் சதுக்கம் இருக்கும் இடம் முழுக்க ஒருகாலத்தில் யூதர்களின் குடியிருப்பு. கோயில் நிற்பது அவர்களின் தொழுகைக்கூடம் இருந்த இடம். வணிகச் சதுக்கம் வேண்டும் என்று நகரத்தார் கேட்க, பேரரசர் நான்காம் கார்ல் இடிக்க அனுமதி கொடுத்தார். 1349 டிசம்பர் 5ஆம் தேதி குடியிருப்பைத் தாக்கி 562 பேரைக் கொன்றார்கள். டிசம்பர் 5. சரியாகச் சந்தை நடக்கும் நாட்களில்.

வெளியே வந்தால் அதே விளக்கு, அதே வாசனை. நான் கொஞ்ச நேரம் எதையும் வாங்கவில்லை, எதையும் சாப்பிடவும் தோன்றவில்லை. பேத்தி கையைப் பிடித்து இழுத்தபோதுதான் நடந்தேன். கடிகாரத்தில் பொம்மைகள் சுற்றி வந்து வணங்குவது அந்தப் பேரரசரைத்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஊர் இதை மறைக்கவில்லை, தரையில் பதித்துவைத்திருக்கிறது, கேட்டால் சொல்கிறது. ஆனால் குனிந்து பார்க்கவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாஜிக் கட்சி தன் பெருங்கூட்டங்களை நடத்த இந்த ஊரைத்தான் எடுத்துக்கொண்டது. ஊருக்கு வெளியே அவர்கள் கட்டி முடிக்காமல் விட்ட பிரம்மாண்ட மண்டபம் இன்றும் நிற்கிறது. அதற்குள்ளேயே 2001இல் அந்த வரலாற்றைச் சொல்லும் மையத்தைத் திறந்திருக்கிறார்கள். நடுச் சதுக்கத்துக்கு அப்போது ஹிட்லர் பெயர். கிறிஸ்துமஸ் சந்தையையும் 1933இல் பகட்டாக அதே சதுக்கத்துக்குக் கொண்டுவந்து தங்கள் பெருமைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். போர் தொடங்கியதும் சந்தை நின்றுபோனது.

1945 ஜனவரி 2ஆம் தேதி இரவு. புத்தாண்டு பிறந்து ஒரு நாள். பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் ஐந்நூறுக்கு மேல் வந்தன. ஒரு மணி நேரத்துக்குள் பழைய ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அழிந்தது. 1,800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு வீடு இல்லை, நடுக் குளிர்காலத்தில். செபால்ட் தேவாலயத்தின் தூண்களில் அன்றைய நிலையைக் காட்டும் புகைப்படங்களை மாட்டியிருக்கிறார்கள். கூரை இல்லாத சுவருக்குள் வானம் தெரிகிறது. படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிமிர்ந்து மேலே பார்த்தால் முழுக் கூரை.

அதே ஆண்டு நவம்பரில், பெரிய சேதமில்லாமல் பிழைத்த நீதிமன்றக் கட்டடத்தின் 600ஆம் எண் அறையில் போர்க்குற்ற விசாரணை தொடங்கியது. கிறிஸ்துமஸுக்காக டிசம்பர் 20ஆம் தேதி ஒத்திவைத்து, மறுபடி ஜனவரி 2ஆம் தேதி கூடியிருக்கிறார்கள். ஊர் எரிந்து சரியாக ஒரு வருடம் கழித்து. அந்த அறைக்குள் நானும் போய் உட்கார்ந்தேன். மர பெஞ்சு, மரச் சுவர், பெரிய ஜன்னல்கள். எங்கள் நால்வரில் யாரும் அங்கே பேசவில்லை.

அப்படியானால் நான் பார்த்த பழைய ஊர் எது? பெரும்பாலும் திரும்பக் கட்டியது. பழைய தெருக்கோட்டை மாற்றாமல், கூரைகளின் சாய்வையும் உயரத்தையும் காப்பாற்றி, அதே மணற்கல்லில் எழுப்பியிருக்கிறார்கள். இடிபாட்டைக் குவித்த இடம் இப்போது புல் முளைத்த ஒரு குன்று. தோல் பதனிடுகிறவர்கள் வாழ்ந்த வைஸ்கெர்பர்காஸே என்ற வளைந்த தெரு மட்டும் ஏறக்குறைய அப்படியே பிழைத்திருக்கிறது, தவறாமல் நடந்து பாருங்கள். ஆல்பிரெக்ட் டியூரர் என்ற பெரிய ஓவியர் 1509 முதல் சாகும்வரை இருந்த வீடும் காயங்களோடு தப்பியது.

பொருள்கள் தப்பியதுதான் அதைவிடப் பெரிய கதை. கோட்டை மலைக்கு அடியில் பாறையைக் குடைந்த நிலவறைகள் உண்டு, அந்தக் காலத்தில் பீர் வைக்க வெட்டியவை. போர் தொடங்கியதும் ஊரின் கலைப்பொருள்களை அங்கே இறக்கிவிட்டார்கள். 24 மீட்டர் ஆழம். பெஹைமின் உருண்டை அங்கேதான் இருந்தது. கடிகாரப் பொம்மைகள் அங்கே இருந்தன. ஃபைட் ஷ்டோஸ் 1518இல் மரத்தில் செதுக்கி முடித்த, மரியாளுக்கு வானதூதர் சேதி சொல்லும் சிற்பமும் அங்கே இருந்தது. அது இப்போது லோரென்ஸ் தேவாலயத்தில் கூரையிலிருந்து அந்தரத்தில் தொங்குகிறது. நகர்த்த முடியாத ‘அழகு நீரூற்று’ என்ற 19 மீட்டர் கல் கோபுரத்தைச் சதுக்கத்தில் வைத்தே கான்கிரீட்டால் மூடிவிட்டார்கள். இன்று அதன் இரும்புக் கம்பியில் ஒரு பித்தளை வளையத்தைச் சுற்றி நினைத்ததை வேண்டிக்கொள்ள வரிசை நிற்கிறது.

லோரென்ஸ் தேவாலயத்தில் இன்னொன்றும் பார்த்தேன். திருவப்பம் வைக்கும் கல் மாடம், கொடி மாதிரி மேலே போய்க் கூரை வளைவில் நுனி சுருண்டு நிற்கிறது. இருபது மீட்டர். 1490களில் ஆடம் கிராஃப்ட் என்ற சிற்பி செய்தது. அடியில் மண்டியிட்டு முழு மாடத்தையும் தோளில் தாங்கும் மனிதர்களில் ஒருவர் அவரேதான், கையில் உளியும் சுத்தியலுமாக. சாமிக்கோ ராஜாவுக்கோ தரவேண்டிய இடத்தில் வேலைக்காரன் முகத்தை வைத்திருக்கிறாரே என்று அசந்துபோனேன். மூக்கு, நெற்றிச் சுருக்கம், களைப்பு எல்லாம் அப்படியே. நம் மூட்டை தூக்கும் ஆட்கள் சுமையை இறக்கிவிட்டு நிமிரும்போது முகம் இப்படித்தான் இருக்கும்.

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு மாலையைத் திரும்பத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விளக்கு ஊர்வலம் நடந்த மாலையைத்தான் கேட்பேன். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை. நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய 1,500 பேர், தாங்களே காகிதத்தில் செய்த விளக்குகளை ஏந்திக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து கோட்டை மலைக்கு ஏறுகிறார்கள். போர் முடிந்து சந்தை மறுபடி தொடங்கிய 1948இலிருந்து நடப்பது. என் பேத்தியின் விளக்கு மீன் வடிவம். மூன்று வாரம் வீடெல்லாம் பசையும் காகிதமுமாகக் கிடந்தது. சரிவில் நாங்கள் ஓரமாக நின்றோம். கீழேயிருந்து வெளிச்சம் ஊர்ந்து வருகிறது, பிள்ளைகள் பாடுகிறார்கள், வாயிலிருந்து ஆவி புகைகிறது. திருவண்ணாமலையில் மலையைப் பார்த்து நிற்கும்போது மனம் ஒரு மாதிரி அடங்குமே, அதே போல் அடங்கியது. மனைவி கையைக் கூப்பிக்கொண்டாள். எரிந்து கிடந்த ஊரில் முதல் விளக்கு ஊர்வலத்தை நடத்தியவர்கள் பிள்ளைகள் கையில் விளக்கைக் கொடுத்து இந்த மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள். அப்போது சுற்றிலும் இடிந்த சுவர்கள்தான் இருந்திருக்கும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. வார நாளில், காலை நேரத்தில் சந்தைக்குப் போங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் நகரக்கூட முடியாது. காலுக்குத் தடித்த அடி உள்ள செருப்பு வேண்டும், கல் தரையின் குளிர் கீழிருந்துதான் ஏறும். நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் கோட்டையை முன்பகலிலேயே பார்த்துவிடுங்கள். முக்கியமாக 24ஆம் தேதி மதியத்துக்குமேல் கடை எதுவும் இருக்காது, 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. பாலும் காய்கறியும் முன்னாலேயே வாங்கி வைத்துவிடவேண்டும்.

அந்த 24ஆம் தேதி மதியம் நான் தனியாகச் சதுக்கத்துக்குப் போனேன். மணி இரண்டு. கடைக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். தெருக்கள் காலியாகத் தொடங்கின. அங்கே கிறிஸ்துமஸ் என்பது அன்று இரவு வீட்டுக்குள் நடப்பது. மரத்தடியில் பரிசு, பெரும்பாலான வீடுகளில் எளிய சாப்பாடு. கடைகள் மூடிக் கிடந்தாலும் வாசனை மட்டும் கல்லில் தங்கியிருந்தது.

லேப்கூகன் ஒரு தகர டப்பா வாங்கி வந்திருந்தேன். ஊருக்கு வந்த மறுநாளே எங்கள் பழைய கிட்டங்கிக்கு எடுத்துப்போனேன். காய் பொறுக்கும் பெண்கள் பதினொரு பேர், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் காய் போகிற மாதிரியான பண்டம் இது, அந்த ஊரில் நானூறு, ஐந்நூறு வருடமாகச் செய்கிறார்கள் என்று சொல்லி ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். உருண்டையில் எழுதியிருந்த பன்னிரண்டு கையையும் சொன்னேன்.

அவர்களில் மூத்தவர், இருபத்தைந்து வருடமாக எங்களிடம் காய் பார்க்கிறவர், ஒரு துண்டைப் பிட்டு முதலில் முகர்ந்தார். அப்புறம் வாயில் போட்டு மெதுவாக மென்றார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. பட்டை தூக்கலா நிக்குது. காய் பழசு. புதுக் காய் போடச் சொல்லுங்க" என்றார்.

மீதியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, மறுபடி முறத்தை எடுத்தார்.

வணக்கம்.